மேல்வரிசைக்கு நூற்று நாற்பத்திரண்டு படி

1

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் கட்டடத்தில் காலை ஒன்பது மணி முதல் மத்தியானம் வரை தண்ணீரை நிறுத்தினோம். மூன்றாம் மாடிக் குழாயில் கசிவு. எழுதுகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. இந்தப் பத்தொன்பது மாடிக் கட்டடத்தை நான் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். வருடத்தில் ஐந்தாறு தடவை நிறுத்துவோம், திறப்போம். இந்த வேலையில் இருப்பவனை இங்கே 'சூப்பர்' என்று கூப்பிடுவார்கள். கண்டியில் இருக்கும் என் தம்பிக்கு முதன்முதல் டெலிபோனில் சொன்னபோது, "சூப்பர்னா என்னண்ணே, மேனேஜரா?" என்று கேட்டான். "குப்பை ரூமைக் கழுவுறவன்டா" என்றேன். அவன் நம்பவில்லை. ஊரில் மேனேஜர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறான்.

தண்ணீரைத் திறந்த பிறகு நான் பத்தொன்பதாம் மாடிக்குப் போவேன். அங்கே துடைப்பம் வைக்கிற அறையில் ஒரு குழாய் இருக்கிறது. அதைத் திறந்து, காற்று சீறி முடிந்து, தண்ணீர் ஒழுங்காக விழுகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பேன். கீழே இயந்திர அறையில் ஒரு திரை இருக்கிறது. மேல் மாடியில் அழுத்தம் எவ்வளவு என்று அது இலக்கத்தில் காட்டும். பழுது பார்க்க வருகிற கம்பனி ஆட்கள், திரை இருக்கும்போது எதற்கு இந்த மனிதர் மேலே போகிறார் என்று தங்களுக்குள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்று நான் மேலே போய்விட்டுச் சட்டைக் கை நனைந்தபடி வீட்டுக்குள் வந்தபோது, சுபா, நீ சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாய். உனக்கு அன்று வேலை நாள். உன் அம்மா பேக்கரி வேலைக்குப் போயிருந்தாள்.

"ஏன்மா, போகலையா?"

"சிக்னு சொல்லிட்டேன்."

"காய்ச்சலா?"

"இல்லப்பா. ஸ்க்ரீன்லதான் தெரியுதே, அப்புறம் எதுக்கு நீங்க மேல போறீங்க?"

"பழக்கம்" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் என் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய். உன் சகோதரன் பிரதீப் அப்போது பக்கத்தில் இல்லை. அவன் வேலை பார்க்கும் நகரம் இங்கிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவான். அதனால் அவனுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன்.

சுபா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அங்கே எழுந்து நடமாட முடியாத ஒரு பாட்டியம்மா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, தாளில் அடையாளம் போட வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சுபா திருப்பாமல் அடையாளம் மட்டும் போட்டிருக்கிறாள். புண் வந்துவிட்டது. இவளுக்கு அடுத்த முறை வேலைக்கு வருகிற மரியா என்ற பெண்தான் அதை முதலில் பார்த்துச் சொன்னாள். சொன்னவள் மேலேயே பழி விழுந்தது. சுபாவின் தாளில் எல்லா அடையாளமும் சரியாக இருக்கிறது, மரியாவின் தாளில் இரண்டு இடம் காலி. திங்கட்கிழமைக்குள் எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இல்லத்தில் ஒரு அச்சடித்த பாரம் கொடுத்திருக்கிறார்கள். மரியாவுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஊரில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"எல்லாரும் அப்படித்தான்ப்பா டிக் போடுறாங்க. ஆளு பத்தாது."

"மரியாகிட்டப் பேசினியா?"

"இல்ல. என்ன செய்யணும்னு நீங்க சொல்லாதீங்க. சும்மாதான் சொன்னேன்."

சொல்லவில்லை. வாயால் சொன்னால் உங்கள் இரண்டு பேருக்கும் என் தமிழில் பாதிதான் எட்டும், உங்கள் ஆங்கிலத்தில் எனக்குப் பாதிதான் எட்டும். மிச்சத்தைச் சண்டை நிரப்பிவிடும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். வசனத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டியில் தம்பியின் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புவேன்.

2

நான் பிறந்தது ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இருபத்திரண்டு வயதில் கண்டி டவுனுக்கு வந்தேன். தண்ணீர் விடுகிற ஓர் அலுவலகத்தில் வேலை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற மேட்டின் பெயரும் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

கண்டி குழியில் இருக்கிற டவுன். வீடுகள் சுற்றி வர மலையில் ஏறிப்போகும். எல்லா மேட்டுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டால் கீழே இருப்பவன் குளிப்பான், மேலே இருப்பவன் காற்றுக் குடிப்பான். ஆகவே ஒரு மேட்டை அடைத்து இன்னொரு மேட்டைத் திறக்க வேண்டும். தெருவோரத்தில் இரும்பு மூடி போட்ட குழிகள் இருக்கும், அதற்குள் வால்வு. ஆள் உயரத்துக்கு ஒரு சாவி, மேலே குறுக்குப் பிடி. அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்போம். இருவர் சேர்ந்து ஒரு சோடி. ஒருவன் கீழே சாவியைத் திருகுவான், மற்றவன் மேட்டின் உச்சிக்குப் போய்க் கடைசிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பான்.

அப்போது கைப்பேசி இல்லை. மேலே இருப்பவன் கத்தினால் கீழே கேட்காது. அதனால் குழாயில் தட்டுவோம். ஸ்பேனரால் இரும்புக் குழாயில் ஒரு தட்டு தட்டினால், கீழே சாவியின் பிடியில் காது வைத்திருப்பவனுக்கு அது கேட்கும். ஒரு தட்டு என்றால், இருக்கிறாயா. இரண்டு தட்டு, இன்னும் வரவில்லை. மூன்று தட்டு, மேலே தண்ணீர் வந்துவிட்டது. மூன்று கேட்டால்தான் கீழே இருப்பவன் வால்வுப் புத்தகத்தில் 'முழுவதும் திறந்தது, மேலே தண்ணீர் உறுதி' என்று எழுதிக் கையெழுத்து வைப்பான்.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். வால்வுக்குள் கதவு மாதிரி ஒரு தகடு இருக்கிறது. சாவியைத் திருகினால் தகடு எழும்பும், தண்ணீர் போகும். பழைய வால்வுகளில் சில சமயம் தகடு தண்டிலிருந்து கழன்று உள்ளே விழுந்துவிடும். அப்போது சாவி நன்றாகத் திரும்பும், சுற்று எண்ணிக்கையும் சரியாக இருக்கும். ஆனால் கதவு எழும்பாது. கையில் சாவி வைத்திருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. உச்சியில் நிற்பவனுக்குத்தான் தெரியும்.

என் சோடி நஸீர். அக்குறணைக்காரன், என் வயது. ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வருவான். அவனுடைய வாப்பாவுக்கு அங்கே சாமான் கடை. கடையில் உட்கார விருப்பமில்லாமல் இந்த வேலைக்கு வந்தவன். எனக்கு அவன் வைத்த பெயர் 'தோட்டத்து மச்சான்'. நான் அவனைச் 'சாவி முதலாளி' என்பேன். நஸீருக்குக் காது நல்ல காது. தட்டு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்றுகூடச் சொல்வான். தூரத்துத் தட்டு நூல் மாதிரி மெலிந்து வரும், பக்கத்துத் தட்டு பிடியை அதிர வைக்கும்.

"இப்ப மூணாம் லாம்புக் கம்பத்துக்கிட்ட நிண்டுதான் தட்டின, என்ன?" என்பான். சரியாக இருக்கும்.

எங்கள் பொறுப்பில் ஏழு மேடுகள். அதில் நீண்ட படிக்கட்டு உள்ளது மேல்வரிசைக்குப் போகும் பாதை. நூற்று நாற்பத்திரண்டு படி. அடியில் ஒரு டீக்கடை. கடைச் சுவரை ஒட்டித்தான் குழாய் வெளியே வந்து, படியோரமாகவே மேலே போகும். பாதி வழியில், எழுபத்தோராம் படியில், ஒரு பிள்ளையார் மாடம். உச்சியில் ஒன்பது வீடுகள் ஒரு வரிசையாக. ஒன்பது வீட்டுக்கும் பொதுவில் ஒரே குழாய்.

3

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. வெள்ளிக்கிழமை திறந்தால் திங்கள் வரை மேல்வரிசையைத் திறந்தே விடுவது வழக்கம், சனியும் ஞாயிறும் அலுவலகம் பூட்டு. நஸீருக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும். பதினொன்றரைக்குள் முடித்துவிட்டால் அவன் பள்ளிவாசலுக்கு நேரத்தோடு போகலாம்.

"கெதியா போ மச்சான். இண்டைக்கு எனக்கு வுழுவெடுத்துக் கைகால் கழுவத் தண்ணி தேவையில்ல, இந்த மழையே போதும்" என்றான்.

நான் படியில் ஏறினேன். பிள்ளையார் மாடம் வரை, அதாவது பாதி வரை ஏறினேன். மழை பெலத்தது. மாடத்தில் ஒதுங்கி நின்றேன். குழாய் கால் பக்கத்தில் போகிறது. இத்தனை மாதம் ஒரு நாளாவது தண்ணீர் வராமல் இருந்ததா, இன்றைக்கு மட்டும் ஏன் வராமல் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஸ்பேனரை எடுத்து மூன்று தட்டுத் தட்டினேன். கீழே நஸீர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தான். அவன் பள்ளிக்குப் போனான், நான் அறைக்குப் போனேன்.

அன்றுதான் தகடு கழன்று விழுந்திருந்தது.

மேல்வரிசைக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தண்ணீர் இல்லை. அந்தச் சனம் யாரையும் திட்டவில்லை. தண்ணீர் நிற்பது அவர்களுக்குப் பழக்கம். கீழே டீக்கடைக்கு அப்பால் ஒரு பீலி இருந்தது, மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற குழாய். அதில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஞாயிறு காலை பார்வதியக்கா என்ற ஒரு பெண் இரண்டு கையிலும் வாளியோடு ஏறும்போது, நனைந்த படியில் சறுக்கி விழுந்தார். வலது முன்கை முறிந்துவிட்டது.

பார்வதியக்கா டவுனில் இரண்டு ஹோட்டல்களுக்கு இடியப்பம் பிழிந்து கொடுப்பவர். புருஷன் இல்லை. படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள். வலது கைதான் அந்த வீட்டின் அடுப்பு.

4

திங்கட்கிழமை விசாரணை. எங்கள் ஓவசியர் சிங்களவர், மாத்தயா என்று கூப்பிடுவோம். தமிழ் பேசுவார், கொஞ்சம் கோணலாக. கெட்டவர் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருப்பதைத்தான் நம்புவார்.

"நஸீர், இது ஒங்க கையெழுத்துதானே?"

"ஓம் மாத்தயா."

"மேலே தண்ணி உறுதின்னு எழுதியிருக்கு. எங்க தண்ணி?"

"தட்டுக் கேட்டிச்சு மாத்தயா. மூணு."

ஓவசியர் என்னைப் பார்த்தார். அவர் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கத்தான் செய்தார்.

"ராஜரத்தினம், தட்டினீங்களா?"

"தட்டினேன் மாத்தயா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே இருப்பவர் கேட்டதற்கு மட்டும் பதில். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை, காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது நிற்கிற விதத்திலேயே அது வந்துவிடும். அந்தப் பழக்கம் அன்று எனக்கு வசதியாக இருந்தது. நான் தட்டியிருக்கிறேன், நஸீர் கேட்டிருக்கிறான். ஆகவே நஸீர் சாவியைச் சரியாகத் திருகவில்லை என்று முடிவாகியது. அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள்.

அதற்குப் பிறகும் தண்ணீர் ஏறாததால், புதன்கிழமை குழியைத் தோண்டி வால்வை மாற்றினார்கள். விழுந்து கிடந்த தகட்டை நான் கண்ணால் பார்த்தேன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தில் 'உறுதி' என்று இருக்கிறதே, அதற்கு என்ன பதில் என்பதுதான் அலுவலகத்தின் கேள்வி. புது வால்வைத் திறந்ததும் தண்ணீர் பார்க்க என்னை மேலே அனுப்பினார்கள். நூற்று நாற்பத்திரண்டு படியும் ஏறினேன். குழாயடியில் பார்வதியக்கா நின்றார், கையில் மாவுக்கட்டு.

"தண்ணி வருதுங்களாக்கா?"

"வருது தம்பி." இடது கையால் குழாயை மூடினார். "வெள்ளிக்கெழமையும் நீங்கதான் வந்தீங்களாம். நா வீட்டுலதான் இருந்தேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா டீ போட்டுக் குடுத்திருப்பேனே, அந்த மழையில."

அவர் குத்திக் காட்டவில்லை. நான் வந்தேன் என்றே நம்பியிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அது தெரியும்.

நான் இறங்கி நேரே அலுவலகத்துக்குப் போனேன். ஓவசியர் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"மாத்தயா, அன்னைக்கி நான் மேல போகல்ல. பாதி வரைக்கும்தான் ஏறினேன். அங்கேயிருந்து தட்டிட்டேன்."

அவர் பேனாவை வைத்தார். "பாதியா?"

"பாதிங்க."

"ஹரி, சரி. பாதின்னு எழுதறேன். பாதி ஏறினவனுக்கும் தண்டனை முழுசுதான், தெரியுமே."

நஸீரைத் திரும்ப எடுத்தார்கள். எனக்கு ஆறு மாதம் மண்வெட்டி. சாவியைத் தொடக் கூடாது, குழாய்க்குக் குழி வெட்ட வேண்டும்.

5

அந்த ஆறு மாதத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கை கொப்பளித்தது, பிறகு காய்த்தது. ஆனால் வேலைக்கு முன்னால், விடிந்ததும், நான் மேல்வரிசைக்குப் போகத் தொடங்கினேன். முதல் நாள் பார்வதியக்காவிடம் உண்மையைச் சொல்லி, கை சரியாகும் வரை இடியப்பம் பிழிந்து தருகிறேன் என்றேன். அவர் இடியப்ப உரலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தண்ணி தொறக்கத் தெரியாதவன் இடியாப்பம் புழிய வந்துட்டான். மாவுலயாவது கடைசி வரைக்கும் அமுக்கு. பாதியில நிப்பாட்டாத."

அவருடைய மூத்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பிழிந்த முதல் நாள் இடியப்பத்தை ஹோட்டல்காரன் திருப்பி அனுப்பிவிட்டான், கயிறு மாதிரி இருக்கிறதாம். இரண்டாம் கிழமையில் கை பிடிபட்டது. ஏறக்குறைய இரண்டரை மாதம், ஞாயிறு உட்பட, நூற்று நாற்பத்திரண்டு படியும் ஏறி இறங்கினேன். என் வேலை என்ன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதுவரை தண்ணீர் என்றால் எனக்குக் குழாய், வால்வு, சாவி. காலை ஐந்தரை மணிக்கு மாவுக்கு ஊற்ற ஒரு செம்புத் தண்ணீர் இல்லாமல் போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை அங்கே உட்கார்ந்துதான் பார்த்தேன். ஒருவன் வேலையில் தேறுவது என்றால் இதுதான் என்று நினைக்கிறேன். கை பழகுவதைச் சொல்லவில்லை. தன் வேலை யார் வீட்டில் போய் முடிகிறது என்று தெரிந்துகொள்வதைச் சொல்கிறேன்.

நஸீர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நான் சாவிக்குத் திரும்பி வந்த பிறகும், வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினான். 'மச்சான்' என்று கூப்பிடுவது போய்விட்டது. "மிஸ்டர் ராஜரத்தினம், மூடியைத் தூக்குங்க" என்பான். மற்ற ஆட்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பழி போட்ட கோபம், ஆறட்டும் என்று இருந்தேன். மூன்று வருடம் ஆறவில்லை.

பிறகு நாட்டில் நிலைமை கெட்டது. பலர் பல பக்கம் போனார்கள், நானும் வெளிநாட்டுக்குக் கிளம்பினேன். போகிற அன்று பஸ் நிலையத்துக்கு நஸீர் வந்தான். நான் எதிர்பார்க்கவில்லை. கையில் ஒரு பொட்டலம், அவனுடைய உம்மா கிண்டிக் கொடுத்துவிட்ட தொதல் இனிப்பு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் பக்கமாக வந்து நின்றான்.

"மிஸ்டர் ராஜரத்தினம், ஒங்கட தட்டு அண்டைக்கு எங்கேருந்து வந்திச்சின்னு எனக்குத் தெரியும்" என்றான்.

பஸ் எடுத்துவிட்டது.

இங்கே வந்து மீன் தொழிற்சாலை, பாத்திரம் கழுவுதல் எல்லாம் முடிந்து, இந்தக் கட்டட வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். இங்கே பாரத்துக்குப் பாரம் எழுத வேண்டும். 'முன்னைய வேலையில் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றதையும் சொல்லவும்' என்று ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர் மொழிபெயர்த்துச் சொன்னபோது, இந்த ஊரில் தவறு செய்தவனுக்குத்தான் வேலையா என்று கேட்டேன். நான் இந்தக் கதையைத்தான் சொன்னேன். பாதிப் படி ஏறியதை, ஒப்புக்கொண்டதை, இடியப்பத்தை. கேட்ட பெண்மணிக்குக் கண் கலங்கியது. வேலை கிடைத்தது. நீங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில்தான் வளர்ந்தீர்கள்.

6

இவ்வளவையும் சனிக்கிழமை ஒரு கொப்பியில் எழுதி முடித்து, மேசையில் வைத்தேன். சுபா எடுத்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் 'பீலி' என்றால் என்ன, 'பெரட்டு' என்றால் என்ன என்று கேட்டாள். அவள் பக்கத்தில் அந்தப் பாரமும் இருந்தது. அதில் நாலு வரி எழுதியிருந்தாள்.

படித்து முடித்துவிட்டு, "அப்பா, பாதின்னா எத்தனை?" என்றாள்.

"எழுபத்தொண்ணு. எழுதியிருக்கேனே, பிள்ளையார் மாடம்."

"அது எனக்குத் தெரியுது. நஸீர் அங்கிளுக்குக் காது நல்லாக் கேக்கும்னு எழுதியிருக்கீங்க. லாம்புக் கம்பம்கூடச் சொல்வாருன்னு. அப்புறம் பஸ்ல வந்து, எங்கேருந்து தட்டினீங்கன்னு தெரியும்னு சொல்றாரு. பாதியிலேருந்துன்னுதான் நீங்களே ஆபீஸ்ல சொல்லிட்டீங்களே. அதை ஏன் அவரு சொல்லணும்?"

நான் கெட்டிலில் தண்ணீர் வைக்க எழுந்தேன்.

"அப்பா."

"என்னம்மா."

"நானும் இதுல ஒன்ஸ்னுதான் எழுதியிருக்கேன். ஒரு தடவை மட்டும் திருப்பலைன்னு." பாரத்தை என் பக்கம் தள்ளினாள். "ஒரு தடவை இல்லப்பா. அந்த வாரம் முழுக்க. சாயங்காலம் சாயங்காலம்."

எனக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. இந்தக் கதையை ஓவசியரிடம், பார்வதியக்காவிடம், நேர்முகத்தில் அந்தப் பெண்மணியிடம், உங்கள் அம்மாவிடம், இந்தக் கொப்பியில் என்று ஐந்து தடவை சொல்லியிருக்கிறேன். ஐந்து தடவையும் எழுபத்தோரு படி ஏறியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அந்த மாடத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றதுகூட ஞாபகத்தில் வந்துவிட்டது. பிள்ளையார் தலையில் சொட்டியதுகூட.

"சுபா, நான் ஏறவே இல்லம்மா" என்றேன்.

அடியில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிளேன் டீயும் ஒரு வடையும் வாங்கினேன். சுவரை ஒட்டிக் குழாய் போகிறது என்று எழுதினேனே, கதிரையை விட்டு எழும்பாமல் கையை நீட்டித் தட்டினேன். அது முதல் தடவையும் இல்லை. மழை நாள் எல்லாம் அப்படித்தான். சாவிப் பிடி அதிர்ந்திருக்கும். நஸீருக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துகொண்டுதான் கையெழுத்து வைத்தான், பள்ளிக்கு நேரமாகிவிட்டது. தனக்கு வந்த தண்டனையை அவன் நியாயம் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு நாளும் அதைப் பற்றி முணுமுணுக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்ததற்காகவும் அவன் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் எழுபத்தோரு படியைக் களவாகச் சேர்த்துக்கொண்டேனே, அதற்குத்தான். ஓவசியர் முன்னால் அவன் வாயைத் திறந்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். அவன் திறக்கவில்லை. மிஸ்டர் என்று கூப்பிட்டதோடு விட்டுவிட்டான்.

கெட்டில் கொதித்து நின்றது.

"இதை அழிக்கலாமாப்பா?" என்று பாரத்தைக் காட்டினாள். பிறகு தானே, "இல்ல, அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்துல இனிஷியல் வைக்கணும். என்ன எழுதியிருந்ததுன்னும் தெரியணும்" என்றாள். ஒன்ஸ் என்ற சொல்லின் மேல் கோடு போட்டாள். மேலே வேறு எழுதினாள். நிறைய நேரம் எழுதினாள். பாரத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் போனது. முடித்துவிட்டு மரியாவுக்கு டெலிபோன் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு மூடியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை வேலைக்கு ஒரு மணி நேரம் முந்தியே கிளம்பினாள். அவளுக்கு என்ன நடக்கும் என்று இதை எழுதும்போது தெரியவில்லை. ஆறு மாதம் மண்வெட்டியாக இருக்கலாம், அதைவிடக் கூடவும் இருக்கலாம்.

அவள் போன பிறகு கொப்பியை எடுத்தேன். மூன்றாம் பகுதியில் 'பிள்ளையார் மாடம் வரை, அதாவது பாதி வரை ஏறினேன்' என்று இருக்கிற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்கு அடியில் இருக்கிறதையும் வாசிக்கலாம். பக்கத்தில் என் முதலெழுத்து. கண்டிக்கு அனுப்புகிற பிரதியிலும் அப்படியே இருக்கும். தம்பியிடம் அதை அக்குறணைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நஸீருடைய வாப்பாவின் கடையை இப்போது நஸீர்தான் நடத்துகிறானாம்.